நேராகப் போக வேண்டிய குழாய்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, கொடுத்த காபி ஆறுவதற்குள் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனவர் என் வீட்டுக்காரர் அரிகிருஷ்ணன். அதே மனிதர் ஒரு தகரக் குழாயைத் தேர்ந்தெடுக்கப் பொங்கலில் தொடங்கி ஆடி வரைக்கும் இழுத்தார். எனக்கு அதில் உள்ளூரச் சந்தோஷம்தான். இரண்டாம் தாரமாக வந்தவளுக்காக ஒரு மனிதர் இவ்வளவு மெனக்கெடுகிறாரே என்று, தொண்டூரில் இருக்கும் என் அம்மாவிடம் போனில் பெருமையடித்துக்கொண்டேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

எங்கள் பட்டறை தனி இடத்தில் இல்லை, வீட்டோடு சேர்ந்தது. தெருவிலிருந்து வந்தால் முன்னறை, அடுத்து நடுவறை, அதற்குப் பின்னால் பட்டறை. பட்டறையின் பின்சுவர் சுவரே இல்லை, மலையடிவாரத்துப் பாறை. செஞ்சியில் எங்கள் தெரு வீடுகள் பலவும் அப்படித்தான், பாறையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்கும். உள்ளே கம்ப்யூட்டரில் ஓடும் வெட்டு மிஷின் ஒன்று, ரம்பம் ஒன்று, கடைசியில் பாறையோரமாக நான் உட்கார்ந்து தேய்க்கும் மேஜை. இவர் பூஜை அலமாரி செய்கிறார். இப்போது எல்லோரும் எம்டிஎஃப் பலகையில்தான் கேட்கிறார்கள். மரத்தூளைப் பசையில் குழைத்து அழுத்திய பலகை அது. அதில் தாமரையும் மயிலும் ஓங்காரமுமாக மிஷின் வெட்டித் தள்ளும். வெட்டிய ஓரங்களைத் தேய்ப்பு மிஷினில் உப்புத்தாள் மாட்டி வழவழப்பாக்குவது என் வேலை. ஆள் வைத்துப் பார்த்தோம். வருகிற பையன் கொஞ்ச நாள் தும்மிவிட்டு ஒரகடத்துக்கோ ஓசூருக்கோ கம்பெனி வேலைக்குப் போய்விடுவான். நான் எங்கே போவது?

அந்தப் பலகையின் தூள் சாதாரண மரத்தூள் மாதிரி கீழே விழாது. மைதா மாவைவிட நைசு, காற்றிலேயே நிற்கும். சோற்றில் இருக்கும், தலையணையில் இருக்கும், நான் துடைத்து முடித்துத் திரும்புவதற்குள் சாமி படத்துக் கண்ணாடியில் இருக்கும். வாயில் துணி கட்டிக்கொண்டால் துணிக்கு உள்பக்கமும் இருக்கும்.

போன வருஷம் எனக்கு இருமல் பிடித்தது. பிடித்தது விடவில்லை. பாண்டிச்சேரியில் ஒரு டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, நுரையீரலில் வெள்ளை வெள்ளையாக இருந்த இடங்களைப் பேனா முனையால் காட்டினார்.

"இது போகாதும்மா. ஆனா இதுக்கு மேல தூசி உள்ள போகலன்னா இப்படியே நிக்கும். போச்சுன்னா நிக்காது."

நல்ல மனிதர், சுற்றி வளைக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் இவர் அந்தப் படத்தின் உறையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். திண்டிவனம் தாண்டியதும், "டஸ்ட் கலெக்டர் போட்டுடலாம் கலை" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்து சீட்டுக்காரி பார்க்கிறாளே என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டஸ்ட் கலெக்டர் என்றால் பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை. ஒரு மோட்டார் விசிறி, ஒரு பெரிய பை. மிஷினில் தூள் கிளம்பும் இடத்திலேயே குழாயின் வாயை வைத்து, தூளை உறிஞ்சி வெளியே பையில் கொண்டுபோய்த் தள்ளும். மோட்டார் கோயம்புத்தூரிலிருந்து வந்து இறங்கிவிட்டது. குழாய்தான் பாக்கி. அங்கே வந்து கதை நின்றது.

பிளாஸ்டிக் குழாய் போட்டால் சுலபம். ஆனால் தூள் அதில் உரசி ஓடும்போது கரண்ட் ஏறிக்கொண்டு, தொட்டால் சுரீரென்று அடிக்குமாம், தூளும் உள்ளேயே அப்பிக்கொள்ளுமாம். ஆகவே இரும்பு. இரும்பில் எது? ஜி.ஐ. தகரமா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா? நீளவாக்கில் மடித்துச் சேர்த்த குழாயா, தகரப் பட்டையைச் சுருள் சுருளாகச் சுற்றி மடித்ததா? எத்தனை கேஜ் கனம்? யூடியூபில் வெள்ளைக்காரர்கள் கார் ஷெட்டுக்குள் பளபளவென்று குழாய் மாட்டி வைத்திருப்பதை வாயில் ஈ போவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பிடும்போதும் தட்டுக்கு எதிரே போன் நிற்கும்.

"இன்னாங்க, கொழாய்க்கு ஜாதகம் பாக்கறீங்களா? சொன்னா நான் போயி ஜோசியர இட்டாரன்" என்பேன்.

"நீ சும்மா இரு. ஒருதரம் போடறது. தப்பா போட்டா உன் நெஞ்சுலதான் வந்து விடியும்" என்பார், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். அந்த வார்த்தை எனக்கு ஒரு நாள் முழுக்கத் தித்தித்துக்கொண்டிருக்கும்.

திருவண்ணாமலை ரோட்டில் பீமாராவ் அண்ணன் தகரப் பட்டறை வைத்திருக்கிறார். அரிசி மில்களில் உமியும் தவிடும் போகிற குழாய்கள் எல்லாம் அவர் கைவேலை. இவர் சென்னையில் ஏசி வேலை செய்கிற ஒருவரிடமிருந்து மெல்லிய குழாய் ஒன்றைச் சாம்பிளுக்கு வாங்கி, என்னையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு அங்கே போனார். பீமாராவ் அந்தக் குழாயைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்துச் சிரித்தார்.

"இது ஊதுற காத்துக்கு செஞ்சது அரி. நீ உறிஞ்சப் போற. ரெண்டும் ஒண்ணா?"

"கனம் கம்மியா இருக்குதே, மாட்ட சுலுவா இருக்கும்னு பாத்தன்."

"இரு, காட்றன்."

மில்லுக்குப் போவதற்காக அங்கே நின்றிருந்த ஒரு பெரிய மோட்டாரில் அந்தக் குழாயைச் சொருகி ஓடவிட்டார். மறுமுனையை ஒரு பலகையால் சட்டென்று மூடினார். டப்பென்று ஒரு சத்தம். குழாய் நடுவில் நசுங்கி, இரண்டு பக்கத் தகரமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. யாரும் அதைத் தொடவில்லை, அடிக்கவில்லை. உள்ளே காற்று இல்லாமல் போனது, அவ்வளவுதான்.

இருமல் முற்றும்போது என் நெஞ்சுக்குள் நடப்பது இதுதான். அதை வெளியே வைத்து யாரோ எனக்குக் காட்டியது போலிருந்தது. இவரும் அந்த நசுங்கின குழாயையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு, "கனமான தகரத்துல போடுண்ணே. சுருள் மடிப்பு. ஆறு அங்குலம். நசுங்கவே கூடாது" என்றார். அன்றோடு குழாய் முடிவாகிவிட்டது. என் உயிரும் தப்பித்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அளவு எடுக்க பீமாராவ் வீட்டுக்கு வந்தார். மோட்டாரை எங்கே வைப்பது? பட்டறைக்குள் வைக்கக் கூடாது, பையின் துணி வழியாக நைசான தூள் மறுபடி உள்ளேயே கசியும். பின்னால் பாறை. பட்டறையின் இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். நடுவறையை ஒட்டி வடக்கே ஒரு சந்து இருக்கிறது, மோட்டார் வைக்க அது ஒன்றுதான் இடம். பீமாராவ் தேய்ப்பு மேஜையிலிருந்து நூல் பிடித்தார். பட்டறைச் சுவரில் ஓட்டை போட்டு, நடுவறைக் கூரைக்கு அடியிலேயே போய், வடகிழக்கு மூலை வழியாகச் சந்துக்கு இறங்கிவிடலாம்.

"வளைவே இல்ல தங்கச்சி. நேரா ராஜா மாதிரி போவும். கையில துணி வச்சிருந்தா துணியவே புடுங்கிக்கும்" என்றவர், நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அந்த மூலையை அண்ணாந்து பார்த்தார். நூலைச் சுருட்ட ஆரம்பித்தார்.

அந்த மூலையில் ஒரு மூங்கில் கூடை தொங்குகிறது. எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் உண்டு. சுமங்கலியாகச் செத்தவளைப் பூவாடைக்காரி என்று வீட்டுக்குள்ளேயே வைத்துக் கும்பிடுவோம். புதுச் சேலை, மஞ்சள், குங்குமம், வளையல் எல்லாம் கூடையில் வைத்துக் கட்டித் தொங்கவிடுவது. வருஷத்துக்கு ஒருதரம் இறக்கிப் படையல் போட்டு, பழைய சேலையை வீட்டுப் பெண் உடுத்திக்கொண்டு, வேறொரு புதுச் சேலையை உள்ளே வைப்பது. எங்கள் கூடையில் இருப்பவள் சுமலதா, இவருடைய மூத்த தாரம். வீட்டுப் பெண் நான். என்னிடம் இருக்கிற நல்ல சேலைகள் எல்லாம் அவள் ஒரு வருஷம் வைத்திருந்து எனக்குக் கொடுத்தவைதான்.

சுமலதாவும் அந்த மேஜையில் உப்புத்தாள் தேய்த்தவள். அவளும் இருமித்தான் செத்தாள். டிபி என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள், அப்புறம் ஆஸ்துமா என்றார்கள், கடைசியில் பெயரே சொல்லாமல் அனுப்பிவிட்டார்கள். தூசி என்று யாரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

"கூடைய தெக்கு மூலைக்கு மாத்திடலாங்க" என்றேன்.

இவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். சாயங்காலம் அடுத்த தெருவிலிருந்து இவருடைய அக்கா பவுனம்மாள் வந்து நின்றாள். யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவே வேண்டியதில்லை.

"டேய் அரி, உக்கார வச்ச எடத்த உட்டு பூவாடைய நகத்துவியா? குப்பையும் தூளும் அவ தலைக்கு மேல போவணுமா? இன்னா பேச்சு இது?"

"அண்ணி, எனக்கு மூச்சு உட முடியல" என்றேன்.

"ஒன்ன யாரு இன்னா சொன்னாங்க? அவள கேளு. ஆடி வெள்ளிக்கி பூவாடை அழைக்கறம் இல்ல, அவளே வந்து நகத்துன்னு சொல்லட்டும், நகத்திக்க."

வேறு வழி இருக்கிறதா என்று இவர் பீமாராவிடம் கேட்டார். இருந்தது. பட்டறைக் கூரைக்கு ஏறி, சமையலறையைச் சுற்றிக்கொண்டு, முன்னறைக்கு மேலாக வந்து, மறுபடி திரும்பிச் சந்துக்குள் இறங்க வேண்டும். ஆறு வளைவு.

"ஒவ்வொரு வளைவுலயும் காத்து களைச்சிப் போயிடும் அரி. வெட்டு மிஷின்கிட்ட கொஞ்சம் இழுக்கும். கடைசியில இருக்குதே தங்கச்சி மேஜ, அங்க இழுக்கற மாதிரி இருக்கும், இழுக்காது" என்றார் பீமாராவ்.

"பெரிய மோட்டாரா போட்டா?"

"ஊட்டு லைன் தாங்காது. தெருவே இருட்டாயிடும்."

அன்றுதான் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். பூவாடை அழைக்கும்போது அவள் யார்மேல் வருவாள்? அந்தச் சேலையை உடுத்துகிறவள்மேல். அதாவது என்மேல். கல்யாணமானதிலிருந்து பார்க்கிறேன், எவ்வளவு பம்பை அடித்தாலும் என்மேல் யாரும் வந்ததில்லை. அண்ணிதான் வழக்கமாகக் கொஞ்சம் ஆடிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு உட்காருவாள். இந்தத் தரம் நானே வரவழைத்துவிடுவது என்று இருந்தேன். பாவமில்லையா என்று கேட்டால், பாவம்தான். செத்தவளுக்கு ஒரு மூலை போனால் இன்னொரு மூலை இருக்கிறது. எனக்கு இருப்பது இந்த நுரையீரல் மட்டும்தான். என்ன சொல்ல வேண்டும் என்று குளிக்கும்போது தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். 'என்னைத் தெக்கு மூலையில வை. கொழாய நேரா உடு.' அவ்வளவுதான் வசனம். அதற்கு மேல் பேசினால் மாட்டிக்கொள்வேன்.

ஆடி வெள்ளி வந்தது. பம்பைக்கார வீராசாமி கிணற்றடியிலிருந்து கலசத்தோடு பூவாடையை அழைத்து வந்து நடுவறையில் இறக்கினார். கூடையை இறக்கிப் படையல் போட்டாயிற்று. நான் அவள் சேலையை உடுத்திக்கொண்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு நடுவில் நின்றேன். வீராசாமி பம்பையை முழக்கினார். அண்ணி கதவைச் சாத்திவிட்டு, தணல் நிறைந்த தூபக்காலில் கைநிறையச் சாம்பிராணியை அள்ளிப் போட்டாள்.

சாம்பிராணிப் புகை என் கணக்கில் இல்லை. அதைப் போய் மறந்த என் புத்தியை எதால் அடித்துக்கொள்வது? முதல் மூச்சிலேயே தொண்டை அடைத்தது. லேசாக ஆட ஆரம்பித்து, தலையைச் சுழற்றி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, அப்புறம் பேசுவது என்று வரிசையாக வைத்திருந்தேன். எதற்கும் நேரமில்லை. இருமல் வந்தது. வயிற்றிலிருந்து கிளம்பி முதுகை வில்லாக வளைத்து, கண்ணில் தண்ணீர் கொட்டி, நின்ற இடத்திலேயே என்னைக் குலுக்கிப் போட்டது.

"ஐயோ, வந்துட்டா!" என்று அலறினாள் அண்ணி. "எஞ்சுமா வந்துட்டா! அதே இருமலு! சாவறன்னிக்கி இருமுனாளே, அதே இருமலு!"

பம்பை நின்றது. எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். வீராசாமி என் முகத்துக்கு நேரே கற்பூரத் தட்டை நீட்டினார்.

"தாயே, எடம் மாத்தலாமான்னு புள்ளைங்க கேக்கறாங்க. மாத்தலாமா, கூடாதா? வாய தொறந்து சொல்லு தாயே."

"என்ன... தெக்கு..." என்றேன். அதற்கு மேல் இருமல் விடவில்லை. ஒவ்வொரு இருமலுக்கும் தலை இப்படியும் அப்படியும் ஆடியது.

"தலய ஆட்றா பாரு! வேணாங்கறா! கேட்டதுக்கே இவ்ளோ கோவம், பாருடா!" என்று அண்ணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

இல்லை என்று சொல்லத் தலையை ஆட்டினேன். அதையும் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டார்கள். அதற்குள் இவர் தடாலென்று என் காலில் விழுந்துவிட்டார். கட்டியவர் என் காலில் விழுந்து கிடக்கிறார், எனக்கு விலகி நிற்கக்கூட மூச்சு இல்லை.

"சுமா" என்றார். என்னைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அந்தக் குரலை நான் கேட்டதில்லை. "சுமா, இப்பவாவது உனக்கு மூச்சு வருதா சுமா? அப்பவே போட்டிருக்கணும். எனக்கு தெரியல. தூசின்னு தெரியல. மன்னிச்சிடு. நல்ல தகரமா பாத்துப் பாத்து சொல்லியிருக்கறன். கனமானது, நசுங்கவே நசுங்காது. உனுக்குத்தான் போடறன். உன்ன நகத்த மாட்டன் சுமா. நீ அங்கயே இரு. எங்கயும் போவாத."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை மாதமும் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் போனை வைத்துக்கொண்டு அவர் செத்துப்போன ஒருத்திக்கு மூச்சு தேடிக்கொண்டிருந்திருக்கிறார். உன் நெஞ்சு உன் நெஞ்சு என்றதெல்லாம் எந்த நெஞ்சு? அவரை எட்டி உதைக்க வேண்டும் போல் ஆத்திரம் வந்தது. அதோடு சேர்த்து அவர்மேல் பாவமாகவும் இருந்தது. அந்தக் கண்ணீர் என் பாதத்தில் சூடாகத்தான் விழுந்தது. ஆனால் எனக்காக விழவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்து நான் அப்படியே சரிந்தேன். வீராசாமி எலுமிச்சம்பழத்தைச் சுற்றிப் போட்டு, "மலையேறிட்டா" என்றார்.

மறுநாள் காலையில் இவரிடம் போட்டு உடைத்தேன்.

"நேத்து வந்தது யாரும் இல்லைங்க. நான்தான். அது என் இருமலு."

அவர் சிரித்தார். குழந்தையைப் பார்த்துச் சிரிப்பார்களே, அந்த மாதிரி.

"வந்தவங்களுக்கு இன்னா பேசனோம்னு ஞாபகம் இருக்காது கலை. எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க."

"எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்குது. நீங்க கால்ல உழுந்தது ஞாபகம் இருக்குது. நடிக்கலாம்னுதான் நின்னன். குளிக்கற எடத்துல சொல்லிப் பாத்துட்டு வந்தன். பொகையில இருமல் வந்துட்டுது."

அண்ணிக்கு இது தெரிந்ததும் ஓடி வந்து என் வாயைப் பொத்தினாள். "அப்பிடி சொல்லக் கூடாதும்மா. ஒத்திக பாக்க வச்சதே அவதான்" என்றாள். அன்று முதல் அவள் என்னை வாங்க போங்க என்றுதான் கூப்பிடுகிறாள். மரியாதை ஏறிவிட்டது, மூச்சுதான் ஏறவில்லை.

பட்டறையை மூடிவிடலாம் என்றும் சொல்லிப் பார்த்தேன். மூடிவிட்டு எதைத் தின்பது என்று கேட்டார். தொண்டூருக்குப் போய்விடலாமா என்று அம்மாவைக் கேட்டேன். அம்மா, அண்ணன் வீட்டில் எல்லோரும் ஒரே அறையில் படுப்பதைச் சொன்னாள். அதோடு போனை வைத்துவிட்டேன்.

குழாய் வந்தது. அதில் ஒரு குறை சொல்ல முடியாது. கனத்த தகரம், வெள்ளி மாதிரி மின்னியது. வளைவு ஒவ்வொன்றையும் பீமாராவ் ஐந்து துண்டாக வெட்டி, சரிவு சரிவாகச் சேர்த்து, கை வைத்தால் வழுக்கும்படி செய்திருந்தார். அது பாம்பு போலச் சமையலறையைச் சுற்றிக்கொண்டு, முன்னறைக்கு மேலேறி, கூடை இருக்கும் பக்கமே தலைவைத்துப் பார்க்காமல் சந்துக்குள் இறங்கியது. தெருவில் எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இவர் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, மூலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஸ்விட்சைப் போட்டார்.

மோட்டார் உறுமியது. வெட்டு மிஷின் பக்கம் சீவல் கொஞ்சம் உள்ளே போயிற்று. என் மேஜையில் ஒரு பலகையைத் தேய்த்தேன். தூள் கிளம்பிக் குழாயின் வாய் வரைக்கும் போய் அங்கேயே தயங்கி நின்றது. அப்புறம் மெல்ல மேலே எழும்பி என் பக்கம் திரும்பியது. இவர் செய்தித்தாளில் ஒரு கீற்றைக் கிழித்துக் குழாய் வாயில் பிடித்தார். காகிதம் லேசாக ஆடியது.

"இழுக்குது பாரு கலை!" என்றார். முகமெல்லாம் மலர்ச்சி.

"இழுக்குது" என்றேன். வேறு என்ன சொல்வது? பீமாராவ் என் முகத்தைப் பார்க்காமல் கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

கார்த்திகைக்கு ஆர்டர் குவிந்துவிட்டது. கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் தங்கும் புது விடுதிகளுக்குக்கூடப் பூஜை அலமாரி கேட்டிருந்தார்கள். காலையில் உட்கார்ந்தால் மாலை வரை தேய்ப்பு. நேற்று மத்தியானம் ஒரு மயிலின் தோகையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது இருமல் பிடித்துக்கொண்டது. பலகை கையிலிருந்து நழுவியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாறையில் சாய்ந்தேன். இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டது போல உள்ளே காற்றே இறங்கவில்லை. இவர் பார்த்துவிட்டார். மிஷினை நிறுத்தினார், மோட்டாரையும் நிறுத்தினார். ஓட்டமாக என்னிடம் வந்தார். தண்ணீர்ச் சொம்புக்காகக் கையை நீட்டினேன்.

அவர் கையில் சொம்பு இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு என் எதிரே நின்று, இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார்.

"சொல்லு சுமா" என்றார்.